வசைமாரி விடையாகுமா?

2025 செப்டெம்பர் முதலாம் நாள், மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். தாழ்ந்த நிலம், சதுப்பு, கண்டல் ஆகியவற்றைச் சுட்டிச் சூழலியலாளர் எச்சரித்தனர். எச்சரித்தோரை அபிவிருத்தியின் பகைவர் என்பாரும், காலநிலை மாற்றமே கட்டுக்கதை என்பாரும் நம்மிடையே உளர்.

மைதானம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நம் இளைஞரின் ஆற்றலுக்குக் களம் வேண்டும். ஆனால், வசைமாரி விடையாகுமா?

தீவகத்தின் சுண்ணக்கல் நிலத்திலே மழைநீர், உவர்நீரின் மீது மெல்லிய படலமாய் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் ஏறத்தாழ நாற்பதடி மேலெழும் என்பது விஞ்ஞானக் கணக்கு. கடல் உயரினும், மழைநீர் இறங்கும் தரை மூடப்படினும், அளவின்றி நீர் இறைப்பினும் அப்படலம் மெலியும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததென, அரசுகளுக்கிடையிலான காலநிலைக் குழு 2021இல் அறிவித்தது.

ஐயுறுவோரை நாம் பழிக்கவில்லை. ஐயம் விஞ்ஞானத்துக்குப் பகையன்று. அளக்க மறுப்பதே பகை. ஆதலின் ஆட்சியாளரிடம் நாம் கேட்பது இரண்டே. மைதானம் பற்றிய சூழல் ஆய்வு அனைத்தும் தமிழில் மக்கள்முன் வைக்கப்படல் வேண்டும். மண்டைதீவுக் கிணறுகளின் உவர்ப்பை மாதந்தோறும் அளந்து, ஊரறிய எழுதி வைத்தல் வேண்டும். ஊர்க்கிணறு உவரான பின்னர் யார் வாதத்தில் வென்றார் என்று கேட்பதால் எவருக்கும் பயனில்லை.