ஓட விடவே இல்ல சேர்

பசறை உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க.

என்னிடம் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். சாதாரண தரத்தில் இரண்டாம் மொழி சிங்களத்திலும் நல்ல பெறுபேறு. 50 கிலோ உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவன். சீருடைச் சேவையொன்றுக்கு விண்ணப்பித்து நேர்முகத்துக்குப் போயிருக்கிறான். முதல் மேசையிலேயே முடிந்துவிட்டது. "அரை அங்குலம் கட்டையாம். ஓட விடவே இல்ல சேர்" என்றான்.

எனக்குக் கோபம் அந்த மேசையில் இருந்தவர் மேல் இல்லை. அவர் டேப்பில் இருந்ததைப் படித்தார், அவ்வளவுதான். கோபம் அந்த விதி மேல்.

2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 17. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தாயின் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த முதல் இரண்டு வருடத்திலும் கிடைக்காத சாப்பாட்டைப் பிறகு எந்தக் கோச்சும் ஊட்ட முடியாது. கொழுந்து பறிக்கும் தாய்க்குப் போதாத சம்பளம், லயத்துக் காம்பரா, பிள்ளைமடுவத்தில் கொடுக்கும் பால்மா, எல்லாம் சேர்ந்து அந்த அரை அங்குலத்தை எடுத்துவிட்டன. பதினெட்டு வருடம் கழித்து அரசாங்கமே டேப்போடு வந்து "நீ கட்டை" என்கிறது.

"பொலிஸ்காரன்னா பார்த்தா ஒரு பயம் வேணும் சேர்" என்று நம் கடைவீதியிலேயே சொல்வார்கள். நமக்குப் பயம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. குறைவது பேச்சு விளங்குகிற ஆள்தான். பசறை, வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இருமொழிப் பிரிவு. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் 24 மணிநேரமும் இரு மொழியும் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2011இலேயே எழுதிவைத்தது. இன்றும் முறைப்பாட்டுக்குப் போகும் தோட்டத்து அக்காவும் நம் உம்மாமாரும் தமிழில் அழுதுவிட்டு, விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைக்கிற கதைகளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இதை மாற்றக்கூடிய பிள்ளைகளைத்தான் அந்த டேப் வீட்டுக்கு அனுப்புகிறது. பெண் பிள்ளைகளென்றால் கேட்கவே வேண்டாம்.

உடல் தகுதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் கடுமையாக வையுங்கள். ஓட விடுங்கள், ஏற விடுங்கள், ஆளைத் தூக்கிக்கொண்டு நடக்க விடுங்கள். இங்கிலாந்துப் பொலிஸில் உயர அளவை எடுத்துவிட்டார்கள். இப்போது 15 மீற்றர் தூரத்தை பீப் சத்தத்துக்கு ஏற்ப அங்குமிங்கும் ஓடி, 5.4 என்ற மட்டத்தைத் தொட வேண்டும், ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. கிரேக்கத்தில் பொலிஸ் கல்லூரிக்கு எல்லாருக்கும் 1.70 மீற்றர் என்று விதி இருந்தது. ஒரு பெண் வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஒக்டோபரில், உடல் பலம் வேண்டுமென்றால் பலத்தைச் சோதித்துப் பாருங்கள், உயரத்தை வைத்துத் தள்ளாதீர்கள் என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது. சின்ன விசயம்தான். நமக்கு மட்டும் ஏன் விளங்கமாட்டேன் என்கிறது?

2021 மார்ச் 20ஆம் திகதி, 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்த காலையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சரிவில் இறங்கி ஆட்களைத் தூக்கி மேலே கொண்டுவந்த ஊர்ப் பிள்ளைகளை யாராவது அளந்து பார்த்தார்களா?

நம்மிலும் பிழை இருக்கிறது, ஆசிரியர் சமூகத்தையும் சேர்த்தே சொல்கிறேன். பத்தாம், பதினோராம் வகுப்பு வந்ததும் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். பிறகு பிள்ளை இரண்டு சுற்று ஓடி மூச்சு வாங்கினால் "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்கிறோம். நம் வீடுகளில் "பொலிஸா? வேற வேலை பாரு மகன்" என்று சொல்வதும் குறையவில்லை.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், சிங்களத்திலும் தமிழிலும். உயர அளவை நீக்கி, ஓட்டத்தையும் பலத்தையும் சோதிக்கக் கேட்டிருக்கிறேன். பள்ளி நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, தோட்டத் தலைவர்மார், விகாரையின் ஹாமுதுரு, எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் கடிதத்தோடு நிற்பேன்.

செவ்வாய், வியாழன் பின்னேரம் நாலரைக்குப் பாடசாலை மைதானத்தில் ஓட்டப் பயிற்சி. ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சரோடு தனியாக. சப்பாத்து இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். அந்தப் பையனும் வருகிறான்.