தாயைப் பார்த்துக் குருளை வாங்கு!

தென்மேல்காற்று மலையில் மோதிச் சாரல் விழத் தொடங்கிவிட்டால் போதும். குற்றாலத்திற்குக் கூட்டம் புறப்பட்டுவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தலை நனைத்து, வண்டி நிறைய மூட்டை ஏற்றிக்கொண்டு, மதுரைப் பக்கம் திரும்புவோர் தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி கடந்து இராசபாளையத்தைத் தொடுகின்றனர். ஏறத்தாழ 60 கி.மீ. வழி. அவ்வழியில் எங்கோ ஓரிடத்தில் குழந்தைகள் கூவுகின்றனர், வண்டி நிற்கிறது. அட்டைப்பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு குருளை. விலை பேசப்படுகிறது. பலாப்பழம் வாங்கவாவது தட்டிப் பார்ப்பவர், உயிர் வாங்கத் தட்டியும் பார்ப்பதில்லை. பெட்டியோடு தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார்.

ஒரு கிழமை கழிகிறது. குருளை வாந்தியெடுத்துக் குருதிக் கழிச்சலில் மாய்கிறது. அல்லது நன்றாக வளர்ந்து, அழைத்த குரலுக்குத் திரும்பாமல் நிற்கிறது. பிறகுதான் தெரிகிறது, அது பிறவிச் செவிடென்று! விற்றவனைத் தேடினால் அவன் அங்கு இல்லை. உடனே தமிழன் என்ன சொல்லுகிறான்? “நம் நாட்டு நாயே இப்படித்தான், ஓர் அயலினத்தை வாங்கியிருக்கலாம்” என்கிறான். ஏமாற்றியவன் தரகன், பழி சுமப்பதோ இனம்! அடுத்த சாரலுக்குள் அவ்வீட்டில் பனிநாட்டு நாயொன்று, நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும்.

அயலான் பொருளே உயர்வு என்னும் இம்மயக்கம் நாயளவில் தொடங்கியதன்று. தன் ஊர்ப்பெயரில்கூட வடக்கே உள்ள இன்னோர் ஊரைச் சுட்டிப் பெருமை கொள்ளும் பழக்கம் தமிழனுக்கு நெடுநாளாக உண்டு. அது நிற்க.

தமிழ் மண்ணில் நாய் நேற்று வந்த விலங்கன்று. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப்பெயர்களை வகுக்குமிடத்து நாயின் இளமையைக் ‘குருளை’ என்கிறது. பெண்ணைப் ‘பிணவு’ என்கிறது. ஞமலி என்றும் ஞாளி என்றும் கழக இலக்கியங்கள் நாயைப் பேசுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லொன்று உண்டு. மறவன் ஒருவனுக்கு எடுக்கப்பட்ட அக்கல்லில், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயும் உருவும் பெயரும் பெற்றிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னர் நாய்க்குக் கல்லெடுத்துத் தமிழ்ப்பெயர் பொறித்த இனத்தான், இற்றை நாளில் தன் வீட்டு நாயை ‘டாமி’ என்றும் ‘சிம்மி’ என்றும் விளிக்கிறான்! ‘நாய்க்குட்டி’ என்பது பிழையன்று. ஆயினும் ‘பப்பி’ என்று குழைகிறவன் ‘குருளை’ என்று சொல்லக் கூசுவது ஏன்?

இந்நிலத்து நாயினங்கள் பெரும்பாலும் தென்காசியைச் சுற்றியே விளைந்தவை. இராசபாளையம், விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை, நெல்லை, தூத்துக்குடிக் கரிசலுக்குரிய கன்னி, தேனிப் பக்கத்துக் கோம்பை. யாவும் ஒரு நாள் வழித்தொலைவுக்குள். பாவாணர் பிறந்த சங்கரன்கோயிலும் இவ்வட்டத்துள்தான் இருக்கிறது. 2005இல் நடுவணரசின் அஞ்சல்துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் இராசபாளையமும் ஒன்று. கருநாலிலுள்ள விலங்கு மரபுவள நடுவம், முதன்முதலாக நாயினங்களைப் பதிந்து எண் கொடுத்தபோது, பதியப்பட்ட மூன்றில் இரண்டு தமிழ்நாட்டின் இராசபாளையமும் சிப்பிப்பாறையும். மற்றொன்று கன்னட நாட்டு முதோள். 2020ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இந்தியத் தலைமையமைச்சரே வானொலியில் இவற்றின் பெயர்களைச் சொன்னார். தில்லி சொன்ன பிறகுதான் தமிழ்நாட்டில் பலர்க்குத் தம் வீட்டுத் திண்ணையில் கிடந்த நாயின் மதிப்புத் தெரிந்தது.

மதிப்புத் தெரிந்ததும் வந்தது கேடு. முன்னாளில் கன்னியை விற்பதில்லை; உற்றார்க்கும் நட்டார்க்கும், ‘நன்கு காப்பேன்’ என்னும் வாய்மொழியின் மேல் கொடுப்பதே வழக்கம். மகளுக்குச் சீராகக் கொடுத்தனுப்பியதும் உண்டு. கொடுத்தவன் ஆண்டுதோறும் வந்து பார்ப்பான். வயிறு ஒட்டியிருந்தால் திருப்பி ஓட்டிக்கொண்டும் போய்விடுவான். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் முயல்வேட்டை குற்றமாயிற்று, அது முறையே. ஆனால் நாயின் தொழில் போயிற்று. தொழில் போன நாய்க்கு ஓட்டமும் மோப்பமும் எவனுக்கு வேண்டும்? நிறமும் உயரமுமே விலையாயின. உயரங் காட்டுவதற்கு அயலினத்தோடு கலந்து, ‘தூய இராசபாளையம்’ என்று பெயர் சொல்லி விற்போரும் முளைத்தனர்.

வெண்மைக்குக் கொடுத்த விலையைச் சற்று விரித்தே சொல்லுதல் வேண்டும். உடல் முழுதும் வெண்மை, மூக்கு இளஞ்சிவப்பு. இதுவே இராசபாளையத்தின் அடையாளம் என்பர். தோலிலும் மயிரிலும் நிறந்தரும் நுண்கூறுகளே உட்செவியிலும் இருந்து கேட்கும் நரம்பு முனைகளை உயிரோடு வைக்கின்றன. நிறத்தை அடியோடு கழிக்கக் கழிக்க, உட்செவியிலும் அவை இல்லாமற் போகும். பிறந்து சில கிழமைக்குள் கேட்கும் முனைகள் பட்டுப்போய்ச் செவி அடைபடும். மேலைநாட்டுத் தால்மேசிய நாயிலும் இதே குறை உண்டு. மேனியில் சிறு புள்ளி விழுந்த குருளை விலைபோகாதென்று ஒதுக்கப்படுகிறது. செவிடான வெள்ளைக் குருளை விலைபோகிறது! காவல் நாய்க்குக் காதைவிட மூக்கின் நிறம் பெரிதென்று கருதும் வாணிகத்தை என்னென்பது?

செவிட்டுக் குருளையைக் கூட்டத்துள் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உடன்பிறந்தவை ஓடினால் அதுவும் ஓடும். எழுந்தால் அதுவும் எழும். தனியே பிரித்து, அது வேறெங்கோ பார்த்திருக்கையில், பின்புறம் தொலைவில் நின்று, காற்றும் நிலத்ததிர்வும் படாதபடி கைதட்டிப் பார்த்தல் வேண்டும். ஒரு செவி மட்டும் கேளாதது தட்டினால் திரும்பும். ஆனால் ஒலி வந்த பக்கம் தெரியாமல் அங்குமிங்கும் தேடும். அதுவும் குறையே, அதன் வழித்தோன்றல்களில் முழுச்செவிடு தோன்றக்கூடும். நேர்மையான வளர்ப்போன் இதைத் தானே செய்து காட்டுவான். தரகனோ, “குட்டிக்குத் தூக்கம் வருகிறது” என்பான்.

‘தூய்மை’ என்னும் சொல்லைத் தமிழியக்கத்தார் மிகுதியாக வழங்குவதால் இங்கு ஒன்று கூறத் தகும். மொழித்தூய்மை என்பது தன் வேரினின்று தானே தளிர்ப்பது. அதனால் மொழி வளர்கிறது. நாய்ப்பண்ணையில் சொல்லப்படும் குருதித்தூய்மை அத்தகையதன்று. தந்தையை மகளோடும் உடன்பிறந்ததை உடன்பிறந்ததோடும் இணைத்துப் பெறும் ‘தூய்மை’, மறைந்து கிடந்த நோய்களையெல்லாம் மேலே கொணரும் சீர்கேடு. நூறு பிணவு உள்ள ஊரில் ஓர் ஏற்றையே அத்தனைக்கும் தந்தையாவதும் அவ்வாறே. மாந்தருக்குள் குருதித்தூய்மை பேசித் திரிவோர்க்கும் நாய்ப்பண்ணையில் ஒரு பாடம் இருக்கிறது. அதை அவர்கள் கற்றுக்கொள்வாரோ என்பது ஐயமே.

எனவே குருளையை மட்டும் பாராது, அதனை ஈன்ற தாயைப் பார்த்தல் வேண்டும். பெண் கொள்வதற்குத் தாயைப் பார்க்கச் சொன்ன பழமொழி, இங்கு இன்னும் நூறு மடங்கு பொருந்தும். தாய் எங்கே என்று கேட்டால், “வேறு ஊரில் இருக்கிறது”, “கட்டிப்போட்டிருக்கிறது, கிட்டப் போக வேண்டா” என்பவனிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. தாய் கிடக்கும் இடம் உலர்ந்ததாக இருக்கிறதா? எலும்பு துருத்தாமல், சொறி பிடிக்காமல் இருக்கிறதா? வளர்ப்போனைக் கண்டதும் வாலாட்டி வருகிறதா, அல்லது ஒடுங்குகிறதா? அந்த ஒரு காட்சி பத்துச் சான்றிதழ்களுக்கு மேல். தந்தை யார், தாயோடு அதற்கு என்ன உறவு, இது எத்தனையாவது ஈற்று என்னும் வினாக்களுக்கு எழுதிவைத்த ஏட்டைப் புரட்டி விடை சொல்லுகிறவன் வளர்ப்போன். வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறவன் விற்போன்.

சட்டமும் இல்லாமலில்லை. விலங்குக் கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நாய் வளர்ப்புக்கும் விற்பனைக்குமென்றே 2017இல் விதிகள் வகுக்கப்பட்டன. வளர்ப்போன் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருத்தல் வேண்டும். 8 கிழமை நிரம்பாத குருளையை விற்றலாகாது. 18 திங்களுக்குக் குறைந்த பிணவையும் 8 ஆண்டைக் கடந்த பிணவையும் ஈனச் செய்யலாகாது. வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. நாயின் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட நுண்சில்லைப் பொருத்துதல் வேண்டும். ஏடுகள் பேணுதல் வேண்டும். இவை எழுத்தில் இருக்கின்றன. தெருவோர அட்டைப்பெட்டிக்கு இவ்வெழுத்துத் தெரியாது, வாங்குவோர்க்கும் தெரியாது. வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், அதிகாரிகள் வருமுன்னரே பாதிப் பெட்டிகள் மறையும்.

எட்டுக் கிழமை என்பது வெற்றெண்ணன்று. தாயின் பாலும் உடன்பிறப்புகளின் விளையாட்டுமே குருளைக்குப் பள்ளி. கடித்தால் எவ்வளவு கடிப்பது என்பதை அது அங்குதான் கற்கிறது. நான்கு கிழமையில் பிரிக்கப்பட்டது பிற்காலத்தில் அச்சத்தால் கடிக்கும். நோய்த்தடுப்பும் அப்படியே. பார்வோ என்னும் நச்சுயிரி குடலைத் தாக்கிக் குருதிக் கழிச்சலை உண்டாக்குவது. பண்ணை மண்ணில் பல திங்கள் அழியாமல் கிடக்கும். உள்ளே புகுந்து சில நாள் கழித்தே நோயைக் காட்டும். வாங்கும் நாளில் துள்ளிய குருளை ஒரு கிழமையில் சாவதன் கரணியம் இதுவே. ஆறு முதல் எட்டுக் கிழமையில் முதல் தடுப்பூசியும், அதன்பின் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை நான்கு திங்கள் நிறையுமளவும் மறு ஊசியும் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று திங்களில். போட்ட ஊசியின் நாளும் மருத்துவர் கையொப்பமும் உள்ள அட்டையைக் காட்டாதவன், “ஊசியெல்லாம் போட்டாயிற்று” என்று சொல்வதை நம்பலாகாது.

வாங்குவோன் கேட்கும் வினாக்களினும், வளர்ப்போன் கேட்கும் வினாக்களே அவனை நன்கு காட்டும். “உங்கள் வீட்டுக்கு முற்றம் உண்டா? பகலெல்லாம் வீட்டில் யார் இருப்பார்? கட்டியே வைப்பீர்களா?” என்று கேட்டு, மாடிக் குடியிருப்பில் இரண்டறைக்குள் வாழ்வோர்க்குச் சிப்பிப்பாறையைத் தர மறுக்கிறவன் எவனோ, அவனே பழைய வாய்மொழி வழக்கின் எச்சம். ஓடப் பிறந்த நாயை மாடியில் அடைப்பது கொடுமை. இராசபாளையமோ ஒருவனையே தலைவனாகக் கொள்ளும் இயல்பினது. ஆண்டுக்கொருமுறை வளர்ப்போரை மாற்றினால் தாங்காது. “வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்கும் விடாதீர்கள், என்னிடமே திருப்பிக் கொண்டுவாருங்கள்” என்று சொல்லுகிற வளர்ப்போனைக் கண்டால், அவன் கேட்கும் விலையில் பேரம் பேசுதல் ஆகாது. ஊசிக்கும் தீனிக்கும் செலவு செய்து ஆண்டுக்கு ஓர் ஈற்றோடு நிறுத்துகிறவனால், பெட்டிக்காரனின் விலைக்கு ஒருநாளும் தரமுடியாது. குறைந்த விலையே பார்ப்போர் நல்லவனைத் தொழிலினின்று துரத்துகின்றனர். இராசபாளையத்துச் சுற்றுவட்டத்தில் இன்னும் இத்தொழிலை முறையாகச் செய்வோர் பலர் சிறு குடியினர். அவர்கள் கைவிட்டால் இவ்வினங்களை அஞ்சல்தலையில் மட்டுமே காணலாம்.

2024இல் தமிழ்நாட்டரசு நாய் வளர்ப்புக் கொள்கையொன்றை அறிவித்து, இவ்வெப்பநிலத்துக்கு ஒவ்வாத குளிர்நாட்டு இனங்கள் சிலவற்றைப் பெருக்கலாகாதென்றும், நாட்டினங்களைப் பேணுதல் வேண்டுமென்றும் கூறியது. கூறியது நன்று. ஆனால் பதிவு பெற்ற வளர்ப்போர் யார் யார் என்பதைப் பொதுமக்கள் அறியும்படி ஊர்தோறும் தமிழில் எழுதி வைத்தாலன்றோ கூறியதால் பயன்? தென்காசி 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலிருந்து தனி மாவட்டம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், குற்றாலத்தில் வண்டிகள் நிற்குமிடத்திலும் அப்பட்டியலைப் பலகையில் எழுதி வைக்க எத்தனை செலவாகும்? நெல்லை இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி இரண்டு மணி நேர வழிக்குள் இருக்கிறது. குருளைகளின் செவியை ஆய்ந்து சான்று தரும் ஏற்பாட்டை அங்கே செய்து, அச்சான்றைத் தமிழில் கொடுக்கலாம். வளர்ப்போரும் தமக்குள் ஒரு கழகம் கூட்டி, ஏற்றை, பிணவு, ஈற்று, குருளை என்று தலைப்பிட்டு வழிமுறை ஏடொன்றைத் தமிழிலேயே பேணத் தொடங்கலாம். புள்ளி விழுந்த குருளையையும் அவ்வேட்டில் சேர்க்கட்டும். அடுத்த சாரலுக்கு இன்னும் நாளிருக்கிறது.