கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைகளும் வலசைக்காலப் பதிவும்: நிலைப்பாட்டு அறிக்கை

1. கேள்வியும் விடையும்

பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் (வெள்ளீயம்) எடுத்து முடிந்தபின் நீர் நிறைந்து ஏரிகளாகிவிட்ட குட்டைகளையும், முன்னாள் ரப்பர் தோட்டங்களின் ஓரங்களில் எஞ்சியிருக்கும் குளங்களையும் வெற்று நிலமாகக் கருதி மண்ணிட்டு மூடுவதா, அவற்றில் வாழும் உயிர்களை அறிந்த பின்னரே அவற்றின் வருங்காலத்தை முடிவு செய்வதா என்னும் கேள்வி, ஈப்போவையும் பத்து காஜாவையும் கம்பாரையும் சுற்றி வீடமைப்புப் பகுதிகள் விரியுந்தோறும் எழுகிறது. செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடிய ஒரு முழு வலசைக்காலத்தில் ஒரு நீர்நிலையின் பறவைகளும் சிற்றுயிர்களும் முறையாகப் பதிவு செய்யப்பட்டு, அப்பதிவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் வரை, அந்நீர்நிலையை மூடவோ அதன் கரைகளை உருமாற்றவோ அனுமதி வழங்கப்படக் கூடாது என்பதே இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு. ஒவ்வொரு குட்டையும் காக்கப்பட வேண்டும் என்று இவ்வமைப்பு கோரவில்லை. எதை இழக்கிறோம் என்பதை அறியாமல் ஒன்றையும் இழக்கக் கூடாது என்றே கோருகிறது.

2. இந்நீர்நிலைகள் உருவான வகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிந்தாப் பள்ளத்தாக்கு உலகின் வளமான ஈயவயல்களுள் ஒன்றாக விளங்கியது. அழுத்தத்துடன் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, கரைந்த சேற்றைக் குழாய்வழி மேலேற்றித் தாதுவைப் பிரித்தெடுத்த சுரங்கங்களும், நீரில் மிதந்தபடியே அடிமண்ணை வாரிய பெருங்கப்பல்களும் விட்டுச்சென்ற பள்ளங்களில் மழைநீரும் நிலத்தடி நீரும் சேர்ந்தன. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து, அதன்பின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது, மனித வேலை நின்ற அவ்விடங்களில் நாணலும் புதரும் வளர்ந்தன. ஆழமற்ற ஓரங்கள் கொக்குகளுக்கு இரை தேடும் இடங்களாகவும், நீர் சூழ்ந்த திட்டுகள் அவை கூடு கட்டும் இடங்களாகவும் மாறின. சலித்தெடுத்த மணல் குவிந்த வெளிகளில், தரையில் வளை தோண்டி முட்டையிடும் பஞ்சுருட்டான்கள் குடியேறின. பத்து காஜாவுக்கு அருகில், முன்னாள் ஈயக்குட்டைகளின் தொகுதியாக அமைந்த கிந்தா இயற்கைப் பூங்கா, நாரைகளும் கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டும் இடமாகப் பறவை ஆர்வலர்களிடையே பெயர்பெற்றிருப்பதும், மலிம் நாவார் பகுதிக் குட்டைகளுக்கு அவர்கள் தொடர்ந்து செல்வதும் இம்மாற்றத்தின் விளைவுகள்.

மனிதர் தோண்டியது என்பதால் ஒரு நீர்நிலையின் மதிப்பு குறைந்துவிடாது. 1971-இல் கையெழுத்தான ராம்சார் உடன்படிக்கை, ஈரநிலம் என்பதை இயற்கையானதும் செயற்கையானதும் அடங்கலாகவே வரையறுக்கிறது. 1880-களில் உருப்பெற்ற தைப்பிங் ஏரிப் பூங்கா ஒரு கைவிடப்பட்ட ஈயச்சுரங்கமே என்பதும், சிலாங்கூரின் பாயா இண்டா ஈரநிலம் அதே வகையில் மீட்கப்பட்டது என்பதும் மலேசியருக்குப் புதிய செய்திகள் அல்ல.

3. ஏன் இந்த மூன்று மாதங்கள்

நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள பேராக்கில் வடநாடுகளைப் போன்ற இலையுதிர்காலம் கிடையாது. ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். ஆனால் சைபீரியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் இலையுதிர்காலம் தொடங்கும்போது, அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் குளிரையும் இரைப் பஞ்சத்தையும் தவிர்க்கத் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. இவ்வாறு பருவந்தோறும் இடம் மாறும் பயணமே வலசை எனப்படுகிறது. ரஷ்யாவின் வடகிழக்கிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் கிழக்கு ஆசிய – ஆஸ்திரலேசிய வலசைப்பாதையில் மலேசியத் தீபகற்பம் அமைந்திருப்பதால், தகைவிலான்களும் பழுப்புக் கீச்சான்களும் உள்ளான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் இக்காலத்தில் இங்கே வந்து சேர்கின்றன. அவற்றுள் சில பல மாதங்கள் தங்குகின்றன. சில ஓரிரு நாள் இளைப்பாறி, இரை உண்டு, மேலும் தெற்கே செல்கின்றன.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. பல நாடுகளில் ஒரே காலத்தில் எண்ணுவதால் ஒரு பறவை இருமுறை எண்ணப்படும் வாய்ப்பு குறைகிறது என்பது அதன் வலிமை. ஆயினும் ஜனவரியில் எண்ணப்படுபவை தங்கிவிட்ட பறவைகளே. இடைவழியில் இறங்கிச் சென்றவை அக்கணக்கில் வருவதில்லை என்பதால், அவற்றுக்கு இளைப்பாறும் இடமாக மட்டும் பயன்படும் ஒரு குட்டை, ஏட்டில் வெறுமையானதாகவே தோன்றும். அந்தக் குறையை நிரப்பவே செப்டம்பர் – நவம்பர் பதிவை இவ்வமைப்பு வலியுறுத்துகிறது.

4. பதிவு என்பது எது

பார்த்த பறவைகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் பதிவாகாது. நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடந்த தொலைவு, வானிலை, இனம், எண்ணிக்கை, பார்த்தவர்களின் தொகை ஆகியவை சேர்ந்தாலே ஒரு வாரத்தின் கணக்கை மறுவாரத்தின் கணக்கோடு ஒப்பிட முடியும். ஏனெனில் இரண்டு மணி நேரம் பார்த்தவருக்குக் கிடைக்கும் எண்ணிக்கையும் பத்து நிமிடம் பார்த்தவருக்குக் கிடைப்பதும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை அல்ல. ஒரு பறவையும் தென்படாத நாளும் பதியப்பட வேண்டும். அடையாளம் உறுதிப்படாதபோது ஊகித்து எழுதாமல், “கொக்கு வகை” என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் என்னும் பொதுத் தரவகம் இவ்விவரங்களில் பெரும்பாலானவற்றைக் கேட்கிறது. அதில் சேரும் பதிவு உலக ஆய்வாளர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் ஒருசேரக் கிடைக்கிறது.

சிற்றுயிர்களும் இப்பதிவில் இடம்பெறுவது கட்டாயம் என இவ்வமைப்பு கருதுகிறது. தட்டான்கள் தம் இளம்பருவத்தை நீருக்கடியிலும் முதிர்பருவத்தைக் காற்றிலும் கழிப்பதால், ஒரு குளத்தில் எத்தனை வகைத் தட்டான்கள் காணப்படுகின்றன என்பது அந்நீரின் நிலையைப் பற்றிய செய்தியாகும். தவளைகள் தோல்வழியாகவும் மூச்சுவிடுவதால் நச்சுப் பொருள்களுக்கு விரைவில் ஆட்படுகின்றன. மழைக்குப் பின் மாலையில் அவை எழுப்பும் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்வது எவருக்கும் இயலும். உடும்பு, ஆமை, நத்தை ஆகியவற்றோடு, தென்னமெரிக்காவிலிருந்து வந்து ஈயக்குட்டைகளில் பெருகிவிட்ட பீக்காக் பாஸ் மீனும், நீர்ப்பரப்பை மூடும் ஆகாயத்தாமரையும் குறிக்கப்பட்டால்தான் அங்கு நிகழும் மாற்றத்தின் முழு உருவம் தெரியும்.

5. எதிர்வாதங்களும் வரம்புகளும்

ஈயக்குட்டைகளில் மூழ்கி உயிர்கள் போயிருக்கின்றன என்பதும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு தேவை என்பதும் மெய்யான கவலைகள். அவற்றைச் சிறுமைப்படுத்த இவ்வமைப்புக்கு உரிமை இல்லை. எனினும் செங்குத்தான கரைகளுக்கு வேலியிடுவதும், கரையைச் சரிவாக்கி ஆழமற்ற ஓரத்தை அகலப்படுத்துவதும் மனிதருக்குப் பாதுகாப்பையும் பறவைகளுக்கு இரைநிலத்தையும் ஒருங்கே தரவல்லவை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீடுகளைச் சுற்றிய தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு போன்றவற்றில் தேங்கும் நீரில் பெருகுவதால், மீன் வாழும் ஏரியை மூடுவது அந்நோய்க்குத் தீர்வாகாது.

பதிவு செய்வோருக்கும் வரம்புகள் உண்டு. கூட்டில் இருக்கும் பறவையை நெருங்கிப் படமெடுப்பதையும், ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதையும் இவ்வமைப்பு ஏற்கவில்லை. கூண்டுப் பறவை வணிகத்துக்காகப் பிடிக்கப்படும் இனங்களின் துல்லியமான இடம் பொதுவெளியில் வெளியிடப்படக் கூடாது. அத்தகைய தகவல், 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் (சட்டம் 716) செயல்படுத்தும் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறையிடம் மட்டும் ஒப்படைக்கப்பட வேண்டும்.

6. தோட்டமக்களின் அறிவு

1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளோடு பேராக்கில் வேர்விட்ட ரப்பர், பின்னர் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைத் தோட்ட லயங்களில் குடியமர்த்தியது. பொழுது புலருமுன் பால்வெட்டச் சென்ற அம்மக்கள் எந்தக் குளத்தில் எந்தப் பருவத்தில் எது வரும் என்பதை அறிந்திருந்தனர். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, குடும்பங்கள் தாமான் எனப்படும் நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தபோது, அவ்வறிவு எந்த ஏட்டிலும் ஏறாமல் சிதறியது. முதியோரின் நினைவைக் காலமும் இடமும் குறித்து எழுதிவைப்பது, இன்றைய எண்ணிக்கைக்கு ஒரு பழைய அளவுகோலைத் தரும். மாநிலத்தில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், தத்தம் அருகிலுள்ள ஒரு நீர்நிலையை ஏற்று இம்மூன்று மாதங்களிலும் பதிவு செய்யுமானால், தாத்தா பாட்டியின் நினைவும் பேரப்பிள்ளையின் கணக்கும் ஒரே ஏட்டில் சேரும்.

7. கோரிக்கைகள்

நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், இவ்வமைப்பின் முதல் கோரிக்கை பேராக் மாநில அரசிடமும், ஈப்போ மாநகர மன்றத்திடமும், பத்து காஜா, கம்பார் மாவட்ட மன்றங்களிடமும் வைக்கப்படுகிறது: ஈயக்குட்டைகளும் தோட்டக் குளங்களும் உள்ளூர்த் திட்ட வரைவுகளில் நீர்நிலைகளாகவே குறிக்கப்பட வேண்டும், அவற்றை மாற்றக் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் ஒரு வலசைக்காலப் பதிவு இணைக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, 1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகம் போன்ற அனுபவமிக்க அமைப்புகள், தொடக்கநிலைப் பதிவாளர்களுக்குத் தமிழிலும் மலாயிலும் பயிற்சி கிடைக்க உதவ வேண்டும். மூன்றாவதாக, 1976-ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) உள்ளூர்த் திட்ட வரைவுகளின் மீது ஆட்சேபம் தெரிவிக்க மக்களுக்கு வழிவகுக்கிறது என்பதைக் குடியிருப்பாளர்கள் அறிந்து, தங்கள் பதிவுகளை அத்தகைய ஆட்சேபங்களுக்குச் சான்றாக முன்வைக்க வேண்டும்.

அறியாமை எப்போதும் மூடுவோருக்கே சாதகமாக அமைகிறது. எண்ணப்படாத பறவைக்காக எந்த மன்றத்திலும் எவரும் வாதிட முடியாது. ஆகவே, வரும் செப்டம்பரில் தத்தம் ஊர்க் குட்டையின் கரையில் பதிவைத் தொடங்குமாறு பேராக் மக்களை இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது. அப்பதிவு கைக்கு வரும் வரை எந்தக் குட்டையின் மீதும் ஒரு லாரி மண்கூடக் கொட்டப்படக் கூடாது என்பதில் இவ்வமைப்பு உறுதியாக நிற்கிறது.