சுர வரிசையைத் தாண்டிச் செல்லலாமா?

பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். வரவேற்கத்தக்க செயல்தான். ஆனால், அண்மைக் காலமாக அவர்களுள் சிலர் கேட்கும் கேள்வியொன்று என்னைச் சிந்திக்க வைக்கின்றது. “சுர வரிசை இல்லாத தேர்வு வந்துவிட்டதாமே, ஐயா! அதிலேயே பிள்ளையைச் சேர்த்துவிட்டால் என்ன?”

அவர்கள் குறிப்பிடும் தேர்வு உண்மையிலேயே உள்ளது. 1889இல் இங்கிலாந்தில் தோன்றிய ஏபிஆர்எஸ்எம் எனும் இசைத்தேர்வு வாரியம், 2020இல் புதிய தேர்வுமுறை ஒன்றைத் தொடங்கியது. நான்கு உருப்படிகளை வாசித்துக் காணொலியாக அனுப்பினால் போதும். ஸ்கேல் எனப்படும் சுர வரிசை அதில் கேட்கப்படுவதில்லை. அத்தேர்வைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அடிப்படையை முன்பே கற்றுத் தேர்ந்த பிள்ளைக்கு அது பொருத்தமானதே. தொடக்கநிலைப் பிள்ளைக்கு அது குறுக்குவழியாகிவிடக்கூடாது என்பதே என் கருத்து.

சுர வரிசை அப்படி என்னதான் கற்றுத் தருகின்றது?

முதலாவது, விரல். சி மேஜர் வரிசைக்கு எட்டு வெள்ளைக் கட்டைகள். கையிலோ ஐந்தே விரல்கள். வலக்கையில் ஏறும்பொழுது மூன்று சுரங்கள் முடிந்ததும் பெருவிரல் நடுவிரலின் அடியில் புகுந்து நான்காம் சுரத்தைப் பிடிக்க வேண்டும். இடக்கையிலோ சுண்டுவிரலில் தொடங்கி ஐந்து விரல்களும் முடிந்த பின்னரே நடுவிரல் பெருவிரலைத் தாண்டி வரும். இரண்டு கைகளும் வெவ்வேறு இடத்தில் திரும்புவதால்தான் பிள்ளைகள் தடுமாறுகின்றனர். எனவேதான் தனித்தனிக் கையாக, மெதுவாகத் தொடங்க வேண்டியுள்ளது.

இரண்டாவது, செவி. மேஜர் வரிசையில் மூன்றுக்கும் நான்குக்கும், ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் அரைச் சுரம். மற்ற இடங்களில் முழுச் சுரம். இதனால், ஜி கட்டையில் தொடங்கினால் எஃப்க்குப் பதிலாக அதனை அடுத்து வலப்புறமுள்ள கறுப்புக் கட்டையைத் தொட வேண்டும். மறந்தால் காதே காட்டிக்கொடுத்துவிடும். இந்த அமைப்பை உணர்ந்த பிள்ளை, பள்ளி நிகழ்ச்சியில் தமிழ் வாழ்த்தைப் பாடுவோரின் குரலுக்கு ஏற்பச் சுருதி மாற்றி வாசிக்க முயலும். நான்கு உருப்படிகளை மட்டும் மனனம் செய்த பிள்ளை, கையில் சான்றிதழ் இருந்தும் திகைத்து நிற்கும்.

நம் மரபுக்கு இது புதிதன்று. கர்நாடக இசையில் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையை மூன்று காலங்களிலும் பாடிப் பழகிய பின்னரே கீதம் தொடங்குவர். சி மேஜர் வரிசையும் நமக்கு அறிமுகமான சங்கராபரணத்தின் சுரங்களே. இதை வீட்டில் எடுத்துச் சொன்னால் பிள்ளைக்கு அந்நியம் என்ற எண்ணம் அகலும்.

அதே வேளையில், ஆசிரியர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சுர வரிசையைப் பிள்ளைகள் வெறுப்பதற்கு அது கற்பிக்கப்படும் முறையும் காரணம். புகழ்பெற்ற இசைமேதை சோபான், தம் மாணவர்களுக்குச் சி மேஜரை முதலில் கற்பிக்கவில்லை. கறுப்புக் கட்டைகள் ஐந்தும் இடம்பெறும் பி மேஜரையே முதலில் தந்தார். நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமையும் என்பதே காரணம். பிள்ளையின் கையைப் பார்த்துப் பாடத்தை அமைத்தார் அவர்.

ஆகவே, என் பரிந்துரைகள் இவை:

1. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். தேர்வு மாதத்தில் மணிக்கணக்காக வாட்டுதல் வேண்டா.

2. பயிலும் பாடல் எந்த வரிசையில் அமைந்துள்ளதோ, அந்த வரிசையையே முதலில் வாசிக்கச் செய்க.

3. விரைவைவிடச் சீரான ஒலியைப் பாராட்டுக.

4. சுர வரிசையைத் தண்டனையாக ஒருபோதும் கொடுக்காதீர்.

மலேசியாவில் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதற்காகத் தமிழ்ப்பள்ளியில் எழுத்துகளைக் கற்பிப்பதை நாம் நிறுத்திவிட்டோமா? தேர்வில் வராவிட்டாலும் உயிரும் மெய்யும் அறியாத பிள்ளையால் தமிழ் படிக்க இயலாது. சுர வரிசையும் அத்தகையதே. தேர்வு கேட்கிறதா என்று பார்க்காமல், பிள்ளைக்குத் தேவையா என்று பார்ப்போம். பெற்றோர்களே, ஆசிரியர்களே, சிந்திப்போமாக!