திருட்டும் கணக்கும்

நிக்ஸன் ஏன் வீழ்ந்தார் என்று கேட்டால் வாட்டர்கேட் என்று யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள், ஒலிநாடா சுழன்றது, பொய் பிடிபட்டது, ஜனாதிபதி வீட்டுக்குப் போனார், ஜனநாயகம் பிழைத்தது. ஐம்பது வருஷமாகக் கைமாறிக் கைமாறி இந்தக் கதை வழவழப்பாகிவிட்டது. சொல்கிறவருக்கும் சௌகரியம், கேட்கிறவருக்கும் சௌகரியம். அதில் விடுபட்டுப் போனது பணம். மக்கள் கொடுத்த வரிப்பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிக்கிறவர் யார் என்ற கேள்வி.

1972 ஜூன் 17 விடியற்காலையில் வாட்டர்கேட் கட்டடத்தில் ஐந்து பேர் பிடிபட்டார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அதே வருஷம் அக்டோபர் 18-ம் தேதி நடந்தது அவ்வளவாகத் தெரியாது. ஆறுகளில் கலக்கும் சாக்கடையைச் சுத்திகரிக்க நகரங்களுக்கு மூன்று நிதியாண்டுகளில் 1,800 கோடி டாலர் வரை தருவது என்று அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. செலவு அதிகம் என்று நிக்ஸன் அதை நிராகரித்துத் திருப்பியனுப்பினார். இரு கட்சியினரும் சேர்ந்து, ஸெனட்டில் 52-12, பிரதிநிதிகள் சபையில் 247-23 என்று வாக்களித்து, அவர் நிராகரிப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். நிக்ஸன் என்ன செய்தார்? முதல் இரண்டு ஆண்டுகளுக்கான 1,100 கோடியில் 500 கோடியை மட்டும் பங்கிட்டுவிட்டு மிச்சத்தை முடக்கி வைத்தார். விலைவாசியோ வரியோ ஏறும் என்றால் ஒதுக்கிய பணத்தைச் செலவிடாமலிருக்க ஜனாதிபதிக்கு அரசியல் சட்டப்படி உரிமை உண்டு, அதில் சந்தேகமே இல்லை என்று 1973 ஜனவரியில் பத்திரிகையாளர்களிடம் அடித்துச் சொன்னார்.

அவருடைய கட்சிக்காரர்கள் ஜெபர்ஸனைச் சாட்சிக்கு அழைத்தார்கள். மிஸிஸிபி நதியில் விடுவதற்கான பீரங்கிப் படகுகளுக்கு ஒதுக்கிய 50,000 டாலரை ஜெபர்ஸன் 1803-ல் செலவிடவில்லை என்பது உண்மைதான். லூயிஸியானா பிரதேசமே விலைக்கு வந்துவிட்டது. படகுகளுக்கு அவசரமில்லாமல் போயிற்று. தேவை தீர்ந்த செலவைத் தள்ளிவைப்பது ஒன்று. வாக்கெடுப்பில் தோற்றவர் தன்னைத் தோற்கடித்த சட்டத்தைப் பணப்பெட்டியில் போட்டுப் பூட்டுவது வேறு ஒன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறவன் சொற்களை மதிக்காதவன்.

இப்போது 1974 ஜூலைக்கு வருவோம். பிரதிநிதிகள் சபையின் நீதிக் கமிட்டி முன்னால் ஐந்து குற்றச்சாட்டுகள் வாக்கெடுப்புக்கு வந்தன. நீதியைத் தடுத்தது, அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தது, காங்கிரஸ் கேட்ட நாடாக்களையும் ஆவணங்களையும் தர மறுத்தது என்ற மூன்றும் நிறைவேறின. தோற்றவை இரண்டு. கம்போடியா மீது நடத்திய குண்டுவீச்சைக் காங்கிரஸிடமிருந்து மறைத்தது ஒன்று. வருமானவரியை ஏய்த்ததும் தம் சொந்த வீடுகளுக்கு அரசாங்கப் பணத்தைச் செலவிட்டதும் மற்றொன்று. இரண்டும் 26-12 என்று ஒரே எண்ணிக்கையில் தோற்றன. ஓர் அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்ததை மறைத்த பொய் பதவி பறிக்கத் தக்க குற்றமாயிற்று. ஒரு தேசத்தின் மேல் குண்டு போட்டதை மறைத்த பொய் அப்படி ஆகவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களுக்கான பணம் தனிக் குற்றச்சாட்டாக வாக்கெடுப்புக்கே வரவில்லை. அந்த வழக்கை நியூயார்க் நகரம் நடத்தியது. 1975-ல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது நிக்ஸன் பதவியிலேயே இல்லை.

கம்போடியா மேல் விழுந்த குண்டுகளை நிறுத்தியது எது? எந்த விசாரணையும் அல்ல. 1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அதற்குப் பணமில்லை என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. குண்டுவீச்சு அன்றோடு நின்றது. உடனடியாகப் பணத்தை நிறுத்தும் மசோதாவை ஜூனில் நிராகரித்த நிக்ஸன், இந்தத் தேதிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார் என்றால், வாட்டர்கேட் விசாரணை அவரை அந்த அளவுக்குப் பலவீனப்படுத்தியிருந்தது என்பதும் ஒரு காரணம். ஆக விசாரணையும் கஜானாவும் ஒரே விவகாரத்தின் இரு பக்கங்கள். விசாரணையை நாடகமாக ரசித்துவிட்டுக் கஜானாவைக் குமாஸ்தாக்களின் சமாசாரம் என்று ஒதுக்குகிறவர்கள் பாதி விவகாரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஒதுக்கிய பணத்தை ஜனாதிபதி தன்னிச்சையாக முடக்கக் கூடாது என்ற சட்டம் 1974-ல் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 401-6. ஸெனட்டில் 75-0. பதவி விலகுவதற்கு நான்கு வாரம் முன்னால், ஜூலை 12-ம் தேதி, நிக்ஸனே அதில் கையெழுத்திட்டார். இரண்டு கட்சிகளும் இவ்வளவு ஒருமனதாக ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டால் அது நிலைத்திருக்க வேண்டும் அல்லவா?

நிலைத்த அழகைப் பார்க்கலாம். 2018 டிசம்பரில் டிரம்ப் மெக்ஸிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார். ரஷ்யத் தலையீடு பற்றி மியூலர் விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம் அது. காங்கிரஸ் கொடுக்கவில்லை. அரசாங்கத்தின் ஒரு பகுதி 35 நாள் மூடிக்கிடந்தது. கடைசியில் 137.5 கோடி கிடைத்தது. மறுகணமே நெருக்கடி நிலைமை என்று அறிவித்து வேறு தலைப்புகளிலிருந்த பணத்தைச் சுவருக்குத் திருப்பினார். அதே 2019 கோடையில் உக்ரைனுக்குக் காங்கிரஸ் ஒதுக்கிய 39.1 கோடி டாலர் நிறுத்திவைக்கப்பட்டது. இது 1974 சட்டத்தை மீறியது என்று காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2020 ஜனவரியில் சொன்னது. பணம்தான் செப்டம்பரில் போய்விட்டதே, அப்புறம் என்ன குற்றம் என்றார்கள் ரிபப்ளிகன்கள். பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்த டெமாக்ரட்டுகள் அந்தப் பணத்தைக் குறிப்பிட்டார்கள். 1974 சட்டத்தின் பெயரை இரண்டு குற்றச்சாட்டுகளிலும் எழுதவில்லை.

அடுத்த ஆட்டத்தில் வேஷம் மாறியது. மாணவர் கடனைத் தள்ளுபடி செய்ய ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை, காங்கிரஸின் சட்டத்தால்தான் முடியும் என்று 2021 ஜூலையில் சொன்னவர் டெமாக்ரடிக் கட்சியின் சபாநாயகர் பெலோஸி. 2022 ஆகஸ்டில் பைடன், காங்கிரஸைக் கேட்காமல், சுமார் 40,000 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது வரவேற்றவரும் அவரே. சுவர் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த ரிபப்ளிகன்களுக்குக் கஜானாவின் சாவி காங்கிரஸிடம் இருப்பது சட்டென்று ஞாபகம் வந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடியை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் டிரம்ப் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை நிதியாண்டு முடியும்வரை பிடித்துவைத்துக் காலாவதியாக்கப் புறப்பட்டபோது அந்த ஞாபகம் மறுபடி பெரும்பாலோருக்கு மறந்துபோயிற்று.

இதைப் படித்துவிட்டு, "எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்று ஒருவர் கைகழுவிக்கொள்ளத் தயாராக இருப்பார். நம் வட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். இதை அவர்கள் ஞானம் என்று நினைக்கிறார்கள். சோம்பல் என்று நான் சொல்வேன். எல்லோரும் ஒன்று என்றால் யாரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை, கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை. திறந்து பார்த்தால் வேறு எண்களும் இருக்கின்றன. நீதிக் கமிட்டியிலிருந்த 17 ரிபப்ளிகன்களில் 6 பேர் முதல் குற்றச்சாட்டிலும் 7 பேர் இரண்டாவதிலும் தம் ஜனாதிபதிக்கு எதிராக வாக்களித்தார்கள். 49 மாநிலங்களில் ஜெயித்த மனிதருக்கு எதிராக. 2019 மார்ச்சில் டிரம்பின் நெருக்கடி அறிவிப்பை ரத்து செய்ய 12 ரிபப்ளிகன் ஸெனட்டர்கள் எதிர்க்கட்சியோடு சேர்ந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அவரைக் குற்றவாளி என்று சொல்ல அந்தக் கட்சியில் ராம்னி ஒருவர்தான் மிஞ்சினார். பன்னிரண்டு ஒன்றானது வீழ்ச்சிதான். ஆனால் ஒன்றும் பூஜ்யமும் சமம் என்று சொல்லக் கூடாது.

அரசியலைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கிற கவிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 'செலவு', 'விரயம்', 'அத்துமீறல்' ஆகிய சொற்களுக்குப் பேசுகிறவன் கட்சியைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது என்றால், அது மொழிக்கு நேர்ந்திருக்கிற கேடு. நண்பன் எழுதினால் 'சோதனை', பிடிக்காதவன் எழுதினால் 'பிதற்றல்' என்று மதிப்புரை எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கேடு என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனாதிபதி பொய் சொன்னாரா என்று கேளுங்கள்; கேட்கத்தான் வேண்டும். கூடவே, சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்க ஒதுக்கிய பணம் எங்கே என்றும் கேளுங்கள். அதை உங்களுக்குப் பிடித்த ஜனாதிபதியிடம் முதலில் கேளுங்கள்.