கல்லறையிலிருந்து ஒரு கல்!

ஜியாலஜி லேப் வைவா. எக்ஸ்டர்னல் சார் கறுநீலமா ஒரு கல்லைக் கையில் கொடுத்து, "என்ன பாறை?"ன்னார். "கிரானைட் சார்!" "இல்லப்பா. தாம்பரம் ட்ரெயின்ல வர்றவன்தானே நீ? தினமும் இதைத் தாண்டித்தான் வர்றே." பேய் முழி முழிச்சேன். அது சார்னோகைட். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை... ஜன்னல் வழியா தெரியுற குன்றெல்லாம் அதுதான்!

பேர் வந்த கதை தனி சினிமா. ஜாப் சார்னாக், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கல்கத்தாவை நிறுவியவர்னு படிச்சிருப்பீங்க. (அதெல்லாம் கிடையாதுன்னு 2003-ல் அங்கே ஹைகோர்ட்டே சொல்லிருச்சு.) 1690-களில் அவர் இறந்தப்புறம், கல்லறையில் எழுத்து பொறிக்கப் பல்லாவரம் பக்கத்துக் கல் கல்கத்தா போச்சு. ரெண்டு நூற்றாண்டு கழிச்சு, தாமஸ் ஹாலண்ட் என்ற ஜியாலஜிஸ்ட் அந்தக் கல்லை ஆராய்ஞ்சு 1893-ல் கட்டுரை எழுதினார். செத்தவர் பேரையே கல்லுக்கும் வெச்சுட்டார். இப்போ நார்வேயில், அன்டார்டிகாவில் கிடைச்சாலும் அதே பேர்தான். நியாயமா 'பல்லாவரைட்'னு வெச்சிருக்கணும். என் கட்சிக்கு ஆள் சேருங்கப்பா!

சரி, நான் ஏன் ஏமாந்தேன்? தீப்பாறையைப் பிரிக்க முதல்ல பார்க்குறது, குழம்பு எவ்வளவு மெதுவா ஆறுச்சுன்னு. சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கா விட்டா, பெரிய பெரிய கற்கண்டு. நல்லா காய்ச்சி சட்டுனு ஆறவிட்டா, கண்ணாடி மாதிரி மிட்டாய். பூமிக்கடியில் நிதானமா ஆறினது கிரானைட். மணிகள் கண்ணுக்கே தெரியும். எரிமலை வழியா வெளியே வந்து சீக்கிரம் ஆறினது பசால்ட், மணி தெரியாது. ரெண்டாவது, சிலிக்கா. அது நிறைய இருந்தா வெளிர் நிறம், குறைஞ்சா கறுப்பு. (வீட்டு சமையல் மேடையில் பளபளக்குற 'பிளாக் கிரானைட்' பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ. கடைக்காரர் சிலபஸ் வேற, நம்ம சிலபஸ் வேற!)

சார்னோகைட்லயும் கிரானைட் மாதிரியே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் உண்டு. வில்லன், ஹைப்பர்ஸ்தீன். கிரானைட்ல இருக்குற இரும்பும் மெக்னீசியமும் வழக்கமா கறுப்பு மைக்காவா மாறும். மைக்கா உருவாகத் தண்ணீர் வேணும். தண்ணீர் இல்லாத கடும் சூட்டில்தான் ஹைப்பர்ஸ்தீன் வரும்.

ஹாலண்ட், இது குழம்பு ஆறி வந்த தீப்பாறைன்னார். பின்னாடி வந்தவங்க விடலை. 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல சூட்டில், ஏற்கெனவே இருக்குற பாறை முழுசா உருகாமலேயே இப்படி மாறிடலாமேன்னாங்க. சாட்சி, கர்நாடகத்தின் கப்பாளதுர்கா குவாரி, கேரளத்தின் பொன்முடி. வெளிர் நிற நைஸ் பாறைக்கு நடுவுல திட்டுத் திட்டா கறுப்பு சார்னோகைட். நைஸோட வரிகள் அந்தத் திட்டுக்குள்ளே போய் மங்கி மறையுது. கார்பன் டை ஆக்ஸைடு புகுந்து தண்ணீரை விரட்டிடுச்சுங்கறது ஒரு பிரபல விளக்கம். அங்கே அது உருமாறிய பாறை. வேற இடங்கள்ல, குழம்பா இருந்து ஆறினதுக்கும் ஆதாரம் இருக்கு.

விட்டேனா? "அப்போ எக்ஸாம்ல தீப்பாறைன்னு எழுதணுமா, உருமாறின பாறைன்னா சார்?" சிரிச்சுட்டே மார்க் ஷீட்டைப் புரட்டினார். "எந்த ஊர் கல்லுன்னு முதல்ல கேளு. அதைக் கேட்காம கிரானைட்னு அடிச்சு விட்டே பாரு, அதுக்குத்தான் இந்த மார்க்."

பத்துக்கு நாலு. பரங்கிமலை சார்னோகைட்டை ஜியாலஜிக்கல் சர்வே தேசிய நினைவுச்சின்னமாவே அறிவிச்சிருக்காம். வயசு சுமார் 250 கோடி வருஷம். அடுத்த லீவுல போய் ஒரு ஸாரி சொல்லிட்டு வரணும். வர்றீங்களா?