10 பேரில் 7 பேருக்குப் பலன்... சூரணத்தை நம்பலாமா?

கேள்வி: ''எங்கள் ஊர் சந்தையில் ஒரு சூரணம் விற்கிறார்கள். சாப்பிட்ட 10 பேரில் 7 பேருக்கு ஒரே மாதத்தில் சர்க்கரை குறைந்ததாம். அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?''

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். 10 பேர் கணக்கு அதற்குப் போதாது.

ரத்தச் சர்க்கரை மருந்தை மாற்றாமலே ஏறும், இறங்கும். சும்மா இருந்தாலே பாதிப் பேருக்குக் குறைந்து தெரியும் என்று வைத்துக்கொண்டால், இது நாணயம் சுண்டுவது போலத்தான். 10 முறை சுண்டினால், 7 அல்லது அதற்கு மேல் தலை விழ 17 சதவிகித வாய்ப்பு உண்டு. அதாவது, எதற்கும் உதவாத பொடியும் ஏறக்குறைய ஆறில் ஒரு முறை இதே பெயரை வாங்கிவிடும். இந்தத் தற்செயல் வாய்ப்பு 5 சதவிகிதத்துக்கும் கீழே இருந்தால்தான் ஆய்வாளர்கள் பொதுவாக அந்த முடிவைப் பொருட்படுத்துவார்கள்.

'நம்பிக்கை இடைவெளி' என்று இன்னொரு கணக்கும் உண்டு. 10-க்கு 7 என்றால், உண்மை நிலவரம் 100-க்கு 35 முதல் 93 வரை எங்கும் இருக்கலாம். 100 பேரில் 70 பேருக்குக் குறைந்திருந்தால், 60 முதல் 79 என்று சுருங்கும்.

ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது. புது உரம் போடும்போது, போடாத பாத்தியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் இல்லையா? 1954-ல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியை அப்படித்தான் சோதித்தார்கள். தடுப்பூசி போட்ட சுமார் 2 லட்சம் குழந்தைகளில் 33 பேருக்கு வாதம் வந்தது. மருந்தில்லாத ஊசி போட்ட 2 லட்சம் பேரில் 115 பேருக்கு வந்தது.

சூரணம் விற்பவரிடம், 'சாப்பிடாதவர்களுக்கு எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். மாத்திரையை மாற்றுவதை மருத்துவரிடம் விடுங்கள்.